விழிஞ்ஞத்தில் கரையேறிய அம்பர்

2022 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. விழிஞ்ஞம் மீனவர்கள் சிலர் கடலில் மிதந்துகொண்டிருந்த ஒரு கட்டியை எடுத்து வள்ளத்தில் போட்டுக்கொண்டு மாலையில் கரை சேர்ந்தார்கள். எடை 28 கிலோ 400 கிராம். தரகரைத் தேடவில்லை, ரகசியமாக யாருக்கும் போன் போடவில்லை. நேரே கடலோரக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். போலீஸ் வனத்துறைக்குச் சொன்னது, வனத்துறை வந்து வாங்கிக்கொண்டது. திமிங்கிலத்திலிருந்து வரும் அம்பர்தானா என்று உறுதிசெய்வதற்காகத் திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தை நாடியது. மறுநாள் செய்திகளில் கட்டியின் எடையோடு விலையும் வந்தது: 28 கோடி ரூபாய்.

அவர்கள் கடலுக்குப் போனது மீனுக்காக. திமிங்கிலத்தை யாரும் துரத்தவில்லை, ஈட்டி எறியவில்லை, வலை விரிக்கவில்லை. அலையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பொருளைக் கை நீட்டி எடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அந்தக் கட்டியையும் ஏதோவொரு பழைய பங்களாவின் சுவரில் மாட்டியிருக்கும் மிளாக் கொம்பையும் ஒரே விதியின் கீழ்தான் கொண்டுவருகிறது. வேட்டையாடி எடுத்தாலும் சரி, வழியில் கிடந்து எடுத்தாலும் சரி, கையில் இருப்பது காட்டு விலங்கின் டிராஃபி. உலகத்தின் வேறு பல இடங்களில் இப்படி இல்லை. அங்கே எப்படிக் கிடைத்தது என்பதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். நம் சட்டம் செய்வது சரி என்பது என் முடிவு. ஆனால் அது பாதி வேலையை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டது என்பதும் என் முடிவு. இரண்டையும் சொல்வதற்கு, அந்தக் கட்டி விழிஞ்ஞம் வந்து சேர்ந்த வழியை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

வழி தொடங்குவது கணவாயில். கணவாய் சுத்தம் செய்து பழகியவர்களுக்குத் தெரியும்: தலையைப் பிரித்து, கால்கள் ஒன்றுசேரும் இடத்தை இரண்டு விரலால் பிதுக்கினால் கறுப்பாக ஒரு சின்ன அலகு துள்ளி வெளியே வரும். கிளி மூக்கு மாதிரி வளைந்து, மேலும் கீழுமாக இரண்டு துண்டு. அதை எறிந்துவிட்டுத்தான் மற்றதை நறுக்குவோம். குழம்பில் எத்தனை நேரம் கொதித்தாலும் அது வேகாது. இறால் ஓட்டில் இருக்கும் அதே கைட்டின்தான் அதிலும் இருக்கிறது. மனித வயிறானாலும் திமிங்கிலத்தின் வயிறானாலும் செரிக்க முடியாத பொருள்.

பல்லுள்ள திமிங்கிலங்களில் மிகப் பெரியது எண்ணெய்த் திமிங்கிலம். ஆண் 15 மீட்டருக்கு மேல் வளரும். ஒரு மணி நேரம்கூட மூச்சடக்கி, 1000 மீட்டருக்கும் கீழே, வெளிச்சமே எட்டாத ஆழத்தில் இறங்கிக் கணவாய் தின்கிறது. அரபிக் கடலிலும் இலங்கையைச் சுற்றிய கடலிலும் இவை வாழ்கின்றன. கன்னியாகுமரிக்கும் கொல்லத்துக்கும் இடையே ஆழ்கடல் போகிறவர்கள் தூரத்தில் நீர்ப்புகை எழுவதைப் பார்ப்பதுண்டு. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் கணவாய் உள்ளே போனால் அத்தனை அலகுகளும் வயிற்றில்தான் சேரும். சில நாளுக்கு ஒருமுறை திமிங்கிலம் அவற்றைக் கக்கிவிடுகிறது. பெரும்பாலான திமிங்கிலங்களில் விஷயம் அதோடு முடிந்துவிடும்.

சிலவற்றில் முடிவதில்லை. அலகுகள் வயிற்றைத் தாண்டிக் குடலுக்குள் நழுவிவிடுகின்றன. அங்கே அவை குடலின் சுவரை உறுத்த, சுற்றிலும் கொழுப்புத் தன்மையுள்ள பொருள் படிந்து மூடுகிறது. மேலும் அலகுகள் வந்து சேர, மேலும் படிகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி வளர்ந்து குடலின் கடைசிப் பகுதியில் பாறையாக இறுகுகிறது. இதுதான் அம்பர். திமிங்கிலக் கப்பல்களில் ஆராய்ந்தவரும், இந்தப் பொருளையே ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தவருமான பிரிட்டிஷ் உயிரியலாளர் ராபர்ட் கிளார்க் 2006-இல் எழுதிய விளக்கம் இது. நூறு எண்ணெய்த் திமிங்கிலங்களில் ஒன்றில் இருந்தால் அதிகம். 1953-இல் அண்டார்டிக் கடலில் கொல்லப்பட்ட ஒரு திமிங்கிலத்தின் குடலில் 400 கிலோவுக்கும் மேலான ஒரே கட்டி இருந்ததை அவர்தான் பதிவுசெய்தார். விழிஞ்ஞம் கட்டியோடு ஒப்பிட்டால் பதினான்கு மடங்கு.

நம் செய்திகளில் இது ‘திமிங்கில வாந்தி’ என்றே வருகிறது. வாயால் வருவது அலகுகள் மட்டும். கட்டி வெளியேறுவது பின்வழியாக. அல்லது திமிங்கிலம் செத்து, உடல் அழுகிப் பிளந்த பிறகு, அது தானாகக் கடலில் விழுகிறது. கட்டி பெரிதாகிக் குடலை அடைத்து அதனாலேயே திமிங்கிலம் சாவதும் உண்டு என்பது கிளார்க்கின் கருத்து. இந்த இரண்டு வழிகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். உயிரோடிருக்கும் திமிங்கிலம் கழித்துவிட்டுப் போனதா, செத்த உடலிலிருந்து வந்ததா என்பது, பின்னால் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

வெளியே வந்த புதிதில் அதை யாரும் தொடமாட்டார்கள். கறுப்பாக, பிசுபிசுப்பாக, சாண நாற்றத்தோடு இருக்கும். நீரைவிட லேசானதால் மூழ்காது. உப்பும் வெயிலும் காற்றும் அதன்மேல் வேலை செய்யத் தொடங்குகின்றன. மாதங்கள் போகும், ஆண்டுகள் போகும், சில கட்டிகள் பல பத்தாண்டுகள் நீரோட்டத்தோடு அலையும். கறுப்பு பழுப்பாகி, பழுப்பு சாம்பலாகி, மிகப் பழையது வெளுத்துப்போகும். நாற்றம் குறைந்து, அதன் இடத்தில் மண்ணும் புகையிலையும் கடல்பாசியும் பழைய மரமும் கலந்தாற்போன்ற ஒரு வாசனை வரும். உடைத்துப் பார்த்தால் உள்ளே கணவாய் அலகுகள் அப்படியே இருக்கும். அம்பரா, சும்மா கடலில் மிதக்கும் கொழுப்பா என்று பார்க்க வியாபாரிகள் ஊசி வைத்திருப்பார்கள்: ஊசியைச் சூடாக்கிக் கட்டியில் தொட்டால், தொட்ட இடம் கறுத்த எண்ணெயாக உருகும், ஊசியை இழுக்கும்போது இழையாக நீளும், வெண்புகையோடு அந்த வாசனை எழும். கரையில் பொறுக்கியதென்று நம்பிக் கொண்டுவரப்படும் பல கட்டிகள் இந்த ஊசியிலேயே தோற்றுவிடும்.

பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்த்தியேவும் கவாந்துவும், மலேரியாவுக்கான குயினினைப் பிரித்தெடுத்த அதே 1820-இல், அம்பரின் முக்கியப் பொருளான அம்ப்ரீனையும் பிரித்தெடுத்தார்கள். அதன் கட்டமைப்பு 1946-இல்தான் தெளிவானது. அம்ப்ரீனுக்கு வாசனை இல்லை. கடலில் அது சிதைந்து உண்டாகும் பொருள்களுக்குத்தான் வாசனை. மற்ற வாசனைகளைத் தோலில் நீண்ட நேரம் நிறுத்தி வைக்கும் குணமும் அவற்றுக்கு உண்டு. வாசனைத் திரவியக்காரர்கள் தேடியது இதைத்தான். 1950-இல் சுவிட்சர்லாந்தின் ஃபிர்மெனிஷ் நிறுவனம் கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து இதே வாசனையைத் தயாரிக்கும் வழி கண்டது. இன்று கடைகளில் ‘அம்பர்’ வாசனை என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி செடியிலிருந்தும் ஆலையிலிருந்தும் வருவது. திமிங்கிலத்தின் தேவை உண்மையில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துவிட்டது, ஆசைதான் தீரவில்லை.

நம் பக்கத்துக்கு இது புதிய பொருள் இல்லை. சித்த மருத்துவத்தில் மீனம்பர் என்று இதற்குப் பெயர். அரபு வணிகர்கள் இந்தியப் பெருங்கடல் முழுவதும் இதைத் தேடி வாங்கினார்கள். 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ சொக்கோத்ரா தீவைப் பற்றிச் சொல்லும்போது, அங்குள்ளவர்கள் திமிங்கிலத்தை ஈட்டியால் குத்திக் கொன்று வயிற்றிலிருந்து அம்பர் எடுக்கும் முறையை விவரிக்கிறார். ஆக, கிடந்ததை எடுப்பதும் கொன்று எடுப்பதும் அன்றே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அரபு நாட்டுச் சந்தையில் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டுக்கும் ஒரே தராசுதான்.

வழி எதுவானாலும் பொருள் தனக்கே என்று சொன்ன அரசர்களும் இருந்தார்கள். 1602-இல் மாலத்தீவில் கப்பல் உடைந்து கரையேறி, ஐந்தாண்டு அங்கேயே சிக்கிக்கொண்ட பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார் எழுதியிருக்கிறார்: கரை ஒதுங்கும் அம்பர் மன்னருக்கு உரியது, மறைத்து வைத்தவருக்குக் கடுந்தண்டனை. விழிஞ்ஞமும் அரசர்கள் கண் வைத்த துறைதான். ஆய் மன்னர்களின் தலைநகராக இருந்தது. பாண்டியரும் சோழரும் மாறி மாறிப் படையெடுத்தார்கள். திருவாலங்காட்டுச் செப்பேடு அதைக் கடலையே அகழியாகக் கொண்ட ஊராகச் சொல்கிறது. இத்தகைய துறையில் கரையேறிய எந்தப் பொருளுக்கும் உரிமை கேட்க ஒருவர் எப்போதும் இருந்திருப்பார்.

இனி மான். அம்பர் கதையில் மான் எதற்கு என்று தோன்றலாம். எப்படிக் கிடைத்தது என்ற கேள்வியை மனிதர்கள் மிக நுணுக்கமாக அலசி, விதிகளாக எழுதி வைத்திருப்பது மான் கொம்பு விஷயத்தில்தான்.

அமெரிக்காவில் பூன் அண்டு கிராக்கெட் கிளப் என்று ஒன்று. பின்னாளில் அதிபரான தியடோர் ரூஸ்வெல்ட் முன்னின்று 1887-இல் தொடங்கியது. வெள்ளைவால் மானின் கொம்பை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு வரை அளந்து மதிப்பெண் போடுவார்கள். அளப்பதற்கு முன் 60 நாள் காய வேண்டும் என்பதும் விதி. வழக்கமான அமைப்புள்ள கொம்பு 170 மதிப்பெண் எடுத்தால் நிரந்தரப் பதிவேட்டில் இடம். வில் அம்பால் வேட்டையாடுபவர்களுக்கு 1961-இல் தனியாகப் போப் அண்டு யங் கிளப் வந்தது. அங்கே அதே மானுக்கு 125 போதும். துப்பாக்கிக்காரர் தொலைவிலிருந்து சுடலாம். வில் எடுத்தவர் மானின் மூச்சு கேட்கும் தூரத்துக்குப் போக வேண்டும். ஆகவே 140 மதிப்பெண் உள்ள ஒரே கொம்பு வில்லில் விழுந்தால் பதிவேட்டில் ஏறும், தோட்டாவில் விழுந்தால் ஏறாது. வேட்டை முறை டிராஃபியைத் தீர்மானிக்கிறதா என்றால், அங்கே தீர்மானிக்கிறது, எண் போட்டே தீர்மானிக்கிறது. உயர்ந்த வேலிக்குள் அடைத்து வைத்துச் சுட்ட மானுக்கு எவ்வளவு பெரிய கொம்பு இருந்தாலும் பூன் அண்டு கிராக்கெட் பதிவேட்டில் இடம் கிடையாது. தப்பிக்க வழி இல்லாத விலங்கைக் கொல்வது வேட்டையே இல்லை என்பது அவர்கள் கொள்கை.

ஆனால் அதே பதிவேட்டில் ஒரு வினோதம். வழக்கத்துக்கு மாறான அமைப்புள்ள வெள்ளைவால் மான் கொம்புகளில் உலகிலேயே முதலிடம் 333 மதிப்பெண்ணைத் தாண்டிய ஒன்றுக்கு. அந்த மானை யாரும் வேட்டையாடவில்லை. 1981-இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் பகுதியில் செத்துக் கிடந்தது. இரண்டாவது இடத்தில் இருப்பதும் 1940-இல் ஒஹாயோ மாநிலத்தில் செத்துக் கிடைத்ததுதான். கிடந்ததை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள், மண்டையோடு சேர்ந்திருந்தால் போதும். மான் ஆண்டுதோறும் உதிர்க்கும் கொம்பு மட்டும் கணக்கில் வராது. இரண்டு கொம்புக்கும் நடுவிலுள்ள அகலத்தை அதில் அளக்க முடியாதே. வில்லுக்கு ஒரு நியாயம், துப்பாக்கிக்கு ஒரு நியாயம், செத்துக் கிடந்ததற்கு ஒரு நியாயம், உதிர்ந்ததற்கு ஒரு நியாயம். கொம்பு யாருடைய பெருமையைச் சொல்கிறது என்ற கேள்விக்கு விடை தேடி எழுதிய விதிகள் இவை. வேட்டைக்காரனின் பெருமை என்றால் முறை முக்கியம். மானின் பெருமை என்றால் முறை எதுவானால் என்ன?

நம் சட்டம் யாருடைய பெருமையையும் அளக்கவில்லை. 1972 சட்டத்தின் 2-ஆம் பிரிவு டிராஃபி என்பதற்கு விளக்கம் சொல்கிறது: காட்டு விலங்கின் முழு உடலோ எந்தப் பகுதியோ, எந்த வழியில் பாதுகாத்து வைக்கப்பட்டிருந்தாலும் அது டிராஃபி. பாடம் செய்த தலையும் தோலும் அதில் உண்டு. மான் கொம்பு, காண்டாமிருகக் கொம்பு, முடி, இறகு, நகம், பல், கஸ்தூரி, முட்டை, கூடு எல்லாம் உண்டு. எப்படிக் கொன்றார்கள், கொன்றார்களா என்றே அந்த விளக்கம் கேட்பதில்லை. முண்டந்துறைக் காட்டில் மிளா தானாக உதிர்த்துவிட்டுப் போன கொம்பை எடுத்து வீட்டில் வைத்தாலும் அதே சட்டம்தான். தாத்தா காலத்துக் கொம்பு வீட்டில் இருந்தால் அரசிடம் தெரிவித்திருக்க வேண்டும். தவறவிட்டவர்களுக்கு 2003-இல் மீண்டும் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள்.

39-ஆம் பிரிவு இன்னும் நேரடியானது. வேட்டையாடப்பட்ட விலங்கும், செத்துக் கிடந்த விலங்கும், அவற்றிலிருந்து வந்த டிராஃபியும் அரசின் சொத்து. அப்படிப்பட்ட பொருள் எந்த வழியிலாயினும் ஒருவர் கைக்கு வந்தால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவித்து, கேட்டால் ஒப்படைக்க வேண்டும். ‘எந்த வழியிலாயினும்’ என்ற அந்த இடத்தில்தான் சட்டத்தின் முழு எடையும் இருக்கிறது. மாலத்தீவு மன்னர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான், காரணம் வேறு என்றாலும். விழிஞ்ஞம் மீனவர்கள் இந்தப் பிரிவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது 48 மணி நேரம்கூட இல்லை, ஒரு மாலைப் பொழுது.

குடலிலிருந்து வந்த கழிவை விலங்கின் பகுதி என்று எப்படிச் சொல்லலாம் என்று வழக்கறிஞர்கள் நம் நீதிமன்றங்களில் வாதாடியிருக்கிறார்கள். அந்த வாதத்துக்கு வெளியே ஆதரவும் இருக்கிறது. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் எண்ணெய்த் திமிங்கிலம் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. ஆனால் விலங்கைத் தொந்தரவு செய்யாமல் கிடைத்த சிறுநீர், சாணம், அம்பர் மூன்றும் கழிவுப் பொருள்கள், உடன்படிக்கை அவற்றைக் கட்டுப்படுத்தாது என்று அதே அமைப்பு தீர்மானம் போட்டிருக்கிறது. அங்கே எப்படிக் கிடைத்தது என்பதுதான் எல்லாமே. அதனால் பிரிட்டனில் கடற்கரையில் நாயோடு நடக்கப் போனவர் அம்பர் கண்டெடுத்தால் விற்கலாம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கூடாது. இந்தியாவிலும் கூடாது, வைத்திருந்து பிடிபட்டால் மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை சிறை.

பிரிட்டன் வழி மீனவருக்கு நல்லது போலத் தோன்றும். எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு; யோசிக்க யோசிக்க அது நிற்கவில்லை. ஒரு கறுப்புக் கட்டி சந்தைக்கு வருகிறது. அதில் அம்ப்ரீன் இருக்கிறதா என்று ஆய்வகம் சொல்லும். 2020-இல் ஒரு குழு அம்பரிலிருந்தே மரபணுவைப் பிரித்து, அது எண்ணெய்த் திமிங்கிலத்தினுடையது என்று முதன்முதலாக நிறுவிக் காட்டியது. ஆனால் அந்தத் திமிங்கிலம் கட்டியைக் கழித்துவிட்டு நீந்திப் போனதா, கப்பல் மோதிச் செத்ததா, யாராவது வயிற்றைக் கிழித்து எடுத்தார்களா? இதை எந்தக் கருவியும் சொல்லாது. விற்பவரின் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி. மான் கொம்பில் இந்த அனுபவம் நமக்கு ஏற்கெனவே உண்டு. உதிர்ந்த கொம்பை விற்கலாம் என்று இருந்த காலத்தில், சுட்டு எடுத்த கொம்பும் உதிர்ந்த கொம்பு என்ற பெயரில் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்தது. வாசல் ஒன்று திறந்திருந்தால் எல்லாப் பொருளும் அந்த வாசல் வழியாகத்தான் வரும். அதனால்தான் கத்திப் பிடியும் பொத்தானும் செய்யும் வேலைக்குக்கூட மான் கொம்பு கூடாது என்று ஆயிற்று. முறையைக் கேட்டு அனுமதிக்கும் சட்டத்துக்கு, முறையை நிரூபிக்கும் வழி வேண்டும். அது இல்லாத இடத்தில், முறையைக் கேட்காத சட்டம்தான் விலங்கைக் காப்பாற்றும்.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிலோவுக்கு ஒரு கோடி என்பது செய்திகளில் வரும் கணக்கு. 28 கிலோ என்றால் 28 கோடி. அம்பரின் விலை நிறத்துக்கும் வயதுக்கும் வாசனைக்கும் ஏற்ப மாறுவது. புதிய கறுப்புக் கட்டிக்கும் வெளுத்த பழைய கட்டிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எல்லாவற்றுக்கும் ஒரே கோடி போட்டு எழுதுவது, தூத்துக்குடியிலும் ராமநாதபுரத்திலும் கன்னியாகுமரியிலும் சில இளைஞர்களை ஜெயிலுக்கு அனுப்பும் வேலையைத்தான் செய்கிறது. கடலே பார்க்காத ஊர்களில்கூட அம்பர் விற்க வந்தவர்கள் என்று கைதாகிறார்கள். பல நேரம் கையிலிருப்பது அம்பரே இல்லை. தொழில் செய்கிற மீனவர் யாரும் அந்தக் கோடியைப் பார்த்ததில்லை.

இப்போது அந்த வள்ளத்துக்குத் திரும்புவோம். ஜூலை என்பது விழிஞ்ஞத்துக்குத் தொழில் காலம். தென்மேற்குப் பருவக்காற்றில் மற்றக் கரைகளில் வள்ளம் இறக்க முடியாதபோது, பாறை அணைத்த இந்தத் துறையில் இறக்க முடியும். சுற்று ஊர்க்காரர்களும் வந்து இங்கிருந்துதான் போவார்கள். அதே சமயம் பயமும் மிகுந்த காலம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் தூக்கிக்கொண்டு போனவர்களின் வீடுகள் இந்தக் கரை நெடுகிலும் இருக்கின்றன. எண்ணெய்க்குக் கொடுத்த பணமாவது மீனில் திரும்புமா என்ற கணக்கோடுதான் ஒவ்வொரு வள்ளமும் இறங்குகிறது.

அந்தக் கட்டியை ஒப்படைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 16 அன்று விழிஞ்ஞம் துறைமுகத்தின் வாயிலில் மீனவர் போராட்டம் தொடங்கியது. துறைமுகப் பணியால் கரை அரிக்கிறது, ஆய்வு வேண்டும். வீடிழந்து சிமென்ட் கிடங்கில் முடங்கியிருக்கும் குடும்பங்களுக்கு வீடு வேண்டும். மண்ணெண்ணெய் மானிய விலையில் வேண்டும். டிசம்பர் 6 வரை, ஏறத்தாழ நான்கு மாதம் நடந்தது. அரசிடம் இத்தனை கேட்க இருந்த ஒரு கரை, நாடே 28 கோடி என்று சொன்ன பொருளை அரசின் கையிலேயே கொடுத்துவிட்டுத்தான் அந்த வாயிலில் போய் நின்றது. இந்த இரண்டு செய்திகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது.

சட்டம் பாதி வேலையோடு நிறுத்திக்கொண்டது என்று நான் சொன்னது இதைத்தான். வனவிலங்குக் குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவுபவருக்கு வெகுமதி தர அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. குற்றமே நடக்காமல், கடலில் கிடைத்ததை எடுத்துவந்து கொடுப்பவருக்கு உரிமைப்பட்ட பங்கு என்று எதுவும் இல்லை. எப்படிக் கிடைத்தது என்று கேட்காமல் பொருளை எடுத்துக்கொள்வது சரி. கொண்டுவந்து கொடுத்த மனிதரையும் அப்படியே ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிடுவது சரியில்லை. அவர் பேரில் ஒரு ரசீது, அன்றைய தொழில் கெட்டதற்கு ஈடு, வேட்டைக்காரனையும் கண்டெடுத்தவனையும் பிரித்துக் காட்டும் ஒரு மரியாதை: முறையைப் பார்க்க வேண்டிய இடம் இதுதான், பொருளை வகைப்படுத்தும் இடம் இல்லை.

இது முடியாத காரியம் இல்லை. குஜராத்தின் வேராவல் கடற்கரையில் ஒரு காலத்தில் திமிங்கிலச் சுறாவை எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கொன்றார்கள். 2001-இல் அது பாதுகாக்கப்பட்ட உயிராக அறிவிக்கப்பட்டது. தடை மட்டும் போட்டிருந்தால் வலையில் சிக்கியதை மறைத்திருப்பார்கள். அங்கே மீனவரோடு பேசினார்கள்; சுறாவை விடுவிக்க வலையை அறுத்தால் அந்த வலைக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது. அதன்பின் நூற்றுக்கணக்கான சுறாக்கள் மீனவர் கையாலேயே உயிரோடு கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. இதே முயற்சி கேரளக் கரைக்கும் வந்திருக்கிறது. வலைக்குக் கொடுக்க முடிந்தால் அம்பருக்கும் கொடுக்க முடியும்.

திமிங்கிலத்தைக் காப்பதுதான் நோக்கம் என்றால் பார்க்க வேண்டிய இன்னொரு திசையும் உண்டு. 2025 மே 2 அன்று விழிஞ்ஞம் சரக்குத் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. அடுத்த மாதமே உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல்களில் ஒன்றான எம்எஸ்சி இரினா அங்கே வந்து நின்றது. பன்னாட்டுக் கப்பல் பாதை கரையிலிருந்து சுமார் 10 கடல் மைல் தூரத்தில் போகிறது என்பதுதான் துறைமுகத்தின் பெரிய பலம். அதே பாதை இலங்கையின் தெற்கு முனையைச் சுற்றும் இடத்தில் நீலத் திமிங்கிலங்கள் கப்பல் மோதிச் சாகின்றன. அதைத் தவிர்க்க எம்எஸ்சி நிறுவனம் 2022-இல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது. கட்டியை வைத்திருந்த மனிதனைப் பிடிப்பதில் காட்டும் அக்கறையைக் கப்பல்களின் வேகத்திலும் பாதையிலும் காட்டினால், எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு இன்னும் பெரிய நன்மை. விழிஞ்ஞத்தின் கடலில் கப்பல்கள் பெருகப் பெருக இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

கேரள, தமிழக வனத்துறைகளிடம் கேட்பது சிறிய காரியங்கள்தான். விழிஞ்ஞம், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற துறைகளில் ஏலக்கூடத்தின் சுவரில், மலையாளத்திலும் தமிழிலும் ஒரு பலகை: அம்பர் எப்படி இருக்கும், கிடைத்தால் யாரிடம் சொல்வது, சொன்னவருக்கு என்ன கிடைக்கும். ஒப்படைப்பவரைச் சந்தேக ஆளாக உட்கார வைக்காமல், அதே நேரத்தில் ரசீது. அறிவித்த வெகுமதி, அறிவித்த நாளுக்குள்.

கடலுக்குப் போகிற உங்களிடமும், கரையில் நடக்கிற உங்களிடமும் ஒரு வார்த்தை. சாம்பல் நிறத்தில் மெழுகுப் பதமாக ஏதாவது மிதந்து வந்தால், அது அம்பராக இருக்கலாம், பெரும்பாலும் இருக்காது. யூடியூபில் விலை பார்க்க வேண்டாம், போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம், வாங்கிக்கொள்கிறேன் என்று வருகிறவரை நம்ப வேண்டாம். எப்படிக் கிடைத்தது என்று சட்டம் கேட்காது. எப்போது சொன்னீர்கள் என்று கேட்கும். கையில் கிடைத்த நேரத்திலிருந்து 48 மணி நேரம் இருக்கிறது. அருகிலுள்ள காவல் நிலையமே போதும். எழுத்தில் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.